இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம்

பேர்லேண்ட், டெக்சஸ்
19 ஜனவரி 2025

மரகதம் அக்காவுக்கு,

போன் போட்டால் மணியே அடிப்பதில்லை. மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நீ என் நம்பரை பிளாக் பண்ணி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கையால் எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். விலாசம் ஸ்ம்ருதி ஆன்ட்டி கொடுத்தார்கள். ஃப்ரீமான்ட்டில் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது உன்னை லைப்ரரியில் பார்த்தார்களாம்.

போன வாரம் மீனாட்சி கோயிலில், பொங்கல் கூட்டத்தில், நாலு பேர் முன்னால் ஆன்ட்டி என்னைக் கேட்டார்கள். “ஏன் ரஞ்சித், உங்க அக்கா யாரோ சைனீஸ் ஃபேமிலி வீட்ல ஒரு ரூம்ல இருக்காங்களாமே? லைப்ரரில வயசானவங்களுக்கு ஃப்ரீயா இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கறாங்க. ஹஸ்பண்ட் கூட இல்லையா?”

நான் என்ன சொல்வேன்? “ஏதோ வாலன்டியர் ப்ராஜெக்ட் பண்றாங்க ஆன்ட்டி” என்று சமாளித்துவிட்டு காருக்கு வந்துவிட்டேன்.

மாமாவோடு உனக்கு என்ன சண்டையோ தெரியாது, நீயும் சொல்லவில்லை. என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குள் சமாதானமாகி இரண்டு பேரும் வந்து நிற்பீர்கள் என்று நம்பினேன். பால் பொங்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவள் நீ. அந்த இடத்தில் என் மாமனார் வீட்டுப் பக்கமிருந்து பிரீத்தியின் அக்கா நின்றார். உனக்கு எடுத்த பச்சைப் பட்டு இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதற்கு அப்புறம் கூடப் பிறந்தவனுக்கு ஒரு போன் கூடவா செய்யக் கூடாது? நான் என்ன தப்பு செய்தேன் என்று சொல்லிவிட்டாவது கோபித்துக்கொள்.

ரஞ்சித்குமார்

*

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
2 பிப்ரவரி 2025

ரஞ்சித்குமாருக்கு,

ஸ்ம்ருதி சொன்னது எல்லாம் உண்மை. திருமதி ஹுவாங் என்ற எழுபத்திரண்டு வயது அம்மாவின் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். வாரநாட்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லைப்ரரி மாடியில் வகுப்பு. ஹுவாங் அம்மாவையும் சேர்த்துப் பதினான்கு பேர், எல்லோரும் சீனாவிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருப்பவர்கள். கோபி காலேஜில் பிள்ளைகளுக்கு மில்டன் நடத்தியவள் இங்கே ‘திஸ் இஸ் எ பஸ் ஸ்டாப்’ நடத்துகிறேன். கோயிலில் கேட்டால் இதையே சொல். வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டைப் பிரீத்தி கட்டட்டும்.

உன் தப்பு என்ன என்று கேட்டிருக்கிறாய். அதை எழுத இன்னும் கை வரவில்லை. அதற்குப் பதிலாக நேற்று வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன்.

தெங் என்று ஒருவர். ரயில்வேயில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வகுப்பில் அவர்தான் லீடர் மாதிரி. வந்ததும் ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். “டீச்சர், வீ நீட் வேர்ட்ஸ். ஹோம்லெஸ் வேர்ட்ஸ்.”

எதற்கு என்றேன்.

“சிட்டி மீட்டிங். வீ வாண்ட் சே நோ.”

அவர்கள் தெருமுனையில் நகரசபைக்குச் சொந்தமான காலி மனை ஒன்று இருக்கிறது. காரிலேயே குடியிருப்பவர்கள் ராத்திரியில் பயமில்லாமல் வண்டியை நிறுத்திக்கொள்ள அதை ஒதுக்கப் போகிறார்களாம். முப்பது கார், கழிப்பறை, ஒரு காவலாள். மார்ச் 18 அன்று பொதுமக்கள் பேசலாம், பிறகு ஓட்டெடுப்பு. வேண்டாம் என்று பேச என் மாணவர்கள் என்னிடமே வார்த்தை கேட்கிறார்கள்.

வார்த்தை கொடுப்பது என் வேலை. அதை எந்தப் பக்கம் வைத்துப் பேசுவது என்பது அவர்கள் பாடு. அதனால் எழுதிப் போட்டேன்: ஹோம்லெஸ், ஷெல்டர், எவிக்‌ஷன், சேஃப்டி. வீட்டை விட்டு வெளியேற்றுவதைச் சொல்லும் அந்த வார்த்தை, ஹுவாங் அம்மாவுக்கு ‘எவிக்‌ஷன்’ வாயில் நுழையவில்லை. ‘எவிக்’ என்று நான் சொன்னால் ‘எஉயிக்’ என்று அவர் சொல்ல, வகுப்பே சிரித்தது. தெங் போன் அகராதியில் ‘ஹோம்லெஸ்’ என்று தேடிப் பார்த்தார். சீனத்தில் ‘வூ ஜியா கே குய்’ என்று வருகிறதாம். திரும்பிப் போக ‘ஜியா’ இல்லாதவர். ஜியா என்றால் வீடு, குடும்பம் இரண்டும். நாம் ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்போமே, அப்படி.

அவருக்குக் குழப்பம். “நோ ஃபேமிலி? நோ பிரதர்? நோ சிஸ்டர்?”

நான் போர்டைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

மரகதம்

*

பேர்லேண்ட்
12 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்று. எனக்குச் சீன அகராதி எதற்கு?

ஆனாலும் கேட்கிறேன், தெங் சொல்வதில் என்ன தப்பு? ஒருவர் பாடுபட்டு வீடு வாங்குகிறார். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற தெரு. அங்கே முகம் தெரியாத முப்பது பேர் காரில் வந்து படுத்தால் யாருக்குப் பிடிக்கும்? எங்கள் தெருவில் அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக மைக் பிடிப்பேன். இந்த நாட்டில் உடம்பு நன்றாக இருக்கிறவன் ரோட்டுக்கு வருகிறான் என்றால் குடியோ போதையோ காரணமாக இருக்கும். உழைக்கிறவன் யாரும் காரில் படுப்பதில்லை. உன் மாணவர்களுக்கு நல்ல வாக்கியமாக நாலு எழுதிக் கொடு. அதோடு விடு. நீ எதற்கு இதை மனதில் போட்டுக்கொண்டு குழப்பிக்கொள்கிறாய்?

என் தப்பை எழுதக் கை வரவில்லை என்கிறாய். அப்படி என்ன கொலையா செய்தேன்?

ரஞ்சித்

*

ஃப்ரீமான்ட்
23 பிப்ரவரி 2025

ரஞ்சித்துக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இப்போது கை வருகிறது.

நேற்று தெங் தன் பேச்சை வகுப்பில் வாசித்துக் காட்டினார். முதல் வரி, “ஹோம்லெஸ் பீப்பிள் ஆர் டேஞ்சரஸ்.” நான் சிவப்புப் பேனாவோடு நின்றேன். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. எழுவாய், வினை எல்லாம் சரி. திருத்த என்னிடம் ஒன்றுமில்லை.

அன்றைய பாடம் காலம். அவர்கள் மொழியில் வினைச்சொல் காலத்துக்குத் தகுந்தாற்போல் மாறாது. அதனால் ‘இஸ்’, ‘வாஸ்’ இரண்டும் தகராறு. “அந்த வரியையே இறந்தகாலத்தில் சொல்லுங்கள்” என்றேன். தெங் முடியாது என்று தலையாட்டினார்.

“டீச்சர், ஹோம்லெஸ், நோ வாஸ். ஹோம்லெஸ் இஸ் ஹோம்லெஸ். லைக் டால். லைக் ஷார்ட்.”

அவரைப் பொறுத்தவரை அது உயரம் மாதிரி, பிறந்ததிலிருந்து சாகும்வரை கூடவே வருவது. எப்படி விளக்குவது என்று யோசித்தேன். ஓர் உதாரணம் வேண்டும், உண்மையான உதாரணம். திரும்பிப் போர்டில் எழுதினேன்.

‘ஐ வாஸ் ஹோம்லெஸ் ஃபார் ஃபார்ட்டி செவன் டேஸ். ஐ ஆம் நாட் ஹோம்லெஸ் நவ்.’

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. ‘ஐ’ என்பதை ஏதோ பாடப்புத்தகத்து ‘ஐ’ என்று நினைத்தார்கள். தெங்தான் மெதுவாக என்னைக் கை காட்டினார். “ஐ? டீச்சர் ஐ?”

ஆமாம் என்றேன்.

 பின்வரிசையிலிருந்து ஹுவாங் அம்மா, “ஐ நோ. கார் விண்டோ. டவல்,” என்றார். லைப்ரரி பார்க்கிங்கில் என் கார் ஜன்னலில் துண்டு காய்வதை அவர் அப்போதே பார்த்திருக்கிறார். அதன் பிறகுதான் ‘டீச்சர், ரூம் எம்ப்டி, யூ கம்’ என்று கூப்பிட்டிருக்கிறார். தெரிந்ததாக ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை.

தெங் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இனி உனக்கு. 2023 அக்டோபர் 16 அன்று நான் டேகேரிலிருந்து வந்தபோது வாசல் பூட்டின் எண்ணை உன் மாமா மாற்றியிருந்தார். கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே, “எங்க வேணா போ” என்றார். பதினெட்டு வருடக் குடித்தனம் அவ்வளவில் முடிந்தது. இரண்டு நாள் என் சிநேகிதி ஹம்சா வீட்டில் இருக்கலாம் என்று போனேன். ஊரிலிருந்து வந்த அவள் மாமனார் மாமியார் ஹாலில் படுத்திருந்தார்கள். காபி குடித்துவிட்டு, ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அன்றிலிருந்து காரில். காலையில் ஜிம்மில் குளியல், பகலில் டேகேர், மூடும்வரை லைப்ரரி. குடியில்லை, போதையில்லை. ஒரு நாள் கூட வேலைக்கு லீவு போடவில்லை.

29ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உனக்குப் போன் செய்தேன். “ரஞ்சித்து, ஒரு மாசம் உன் வீட்ல வந்து இருக்கட்டுமா சாமி?” என்று கேட்டேன். நீ சொன்னது ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.

“அக்கா, அடுத்த வாரம் கிரகப்பிரவேசம். சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுக எல்லாம் வராங்க. மாமா இல்லாம நீ மட்டும் வந்து நின்னா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க. கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

எங்கே இருக்கிறாய் என்று கேட்டாய். ஹம்சா வீட்டில் என்றேன். அந்தப் பொய் என்னுடையது. மற்றது உன்னுடையது.

மரகதம்

*

பேர்லேண்ட்
2 மார்ச் 2025

அக்கா,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவும் சரியாக வராது, ஆனாலும் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை கராஜில் நின்றுகொண்டே படித்தேன். வீட்டுக்குள் எடுத்துப் போக முடியவில்லை. மூன்று நாள் கார் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. பிறகு பிரீத்தியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். “நீங்க போன்ல பேசினப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அண்ணி எங்க போவாங்கன்னு தோணுச்சு. கெஸ்ட் லிஸ்ட் கையில இருந்துச்சு, அதைப் பாக்கப் போயிட்டேன்,” என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நாலு பெட்ரூம் வீடு, அக்கா. நீ கேட்டபோது மூன்றில் ஆளே கிடையாது.

‘உழைக்கிறவன் யாரும் காரில் படுப்பதில்லை’ என்று உனக்கே எழுதியிருக்கிறேன். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டால் திருப்பி வாங்க முடியாது, மெசேஜாக இருந்தால் அழித்திருப்பேன். அழிக்க முடியாமல் போனதும் நல்லதுதான்.

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் இருக்கிறதா தெரியவில்லை. ஒன்றே ஒன்று சொல். 18ஆம் தேதி மீட்டிங் எத்தனை மணிக்கு?

ரஞ்சித்

*

ஃப்ரீமான்ட்
9 மார்ச் 2025

ரஞ்சித்துக்கு,

கிரகப்பிரவேசத்து அன்று நீ குடும்ப குரூப்பில் போட்ட போட்டோக்களை ஜிம் வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். வாழைமரம், தோரணம், புது ஜரிகை வேட்டியில் நீ. அழகாக இருந்தாய், கண்ணு. அப்புறம்தான் உன் நம்பரை பிளாக் செய்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் எழுதியதில் பாதி பொய்யாகிவிடும். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நீ அழுதால் அது கரைந்துவிடும் என்று நினைத்து அழாதே. பரிதாபப்பட்டு டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடியும் வராதே.

மீட்டிங் மாலை ஏழு மணிக்கு, உங்கள் ஊரில் ஒன்பது. ஒருவருக்கு ஒரு நிமிஷம்தான். நிலைமை நன்றாக இல்லை. ஏழு உறுப்பினர்களில் இரண்டு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு, மூன்று பேர் வாயே திறக்கவில்லை என்று லைப்ரரியில் பேசிக்கொள்கிறார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு எதிர்ப்புப் பலகை நிற்கிறது. என் வகுப்புக்கு இரண்டு வாரமாக மூன்று பேர் வரவில்லை. அதில் தெங்கும் ஒருவர். மற்றவர்கள் ஒரு நிமிஷப் பேச்சு பழகுகிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று நான் கேட்பதில்லை, ‘தி’ எங்கே வர வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். மைக் முன்னால் காகிதம் பார்க்கக் கூடாது என்று மனப்பாடம் செய்கிறேன்.

அக்கா

*

ஃப்ரீமான்ட்
19 மார்ச் 2025, காலை

ரஞ்சித்து,

டேகேருக்குக் கிளம்புவதற்கு முன் எழுதுகிறேன். கையெழுத்து ஓடுகிறது.

மண்டபம் நிறைந்து சுவரோரம் ஜனம் நின்றது. முதல் ஒரு மணி நேரம் எதிர்ப்பு மட்டுமே. கைதட்டலும் அந்தப் பக்கம்தான். என் முறை வந்தது. வகுப்பில் எழுதிய அதே இரண்டு வரியைச் சொன்னேன், இந்த ஊரிலேயே டேகேரில் வேலை செய்துகொண்டே காரில் இருந்தேன் என்றேன், மணி அடித்துவிட்டது. கைதட்டல் இல்லை. ஹுவாங் அம்மா மைக்கைப் பிடித்து, “நோ எவிக்‌ஷன்” என்று பிசிறில்லாமல் சொன்னார். அந்த ஒரே வார்த்தைக்கு மூன்று வாரம் பழகியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

அடுத்து, “மிஸ்டர் தெங்” என்று கூப்பிட்டார்கள்.  அவர் சூட் போட்டுக்கொண்டு வந்தார், கையில் சுருட்டிய பெரிய காகிதம். நேராக மைக்குக்குப் போகாமல் என் நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

“டீச்சர், அபவுட் யூ. கேன் ஐ சே?”

சொல்லுங்கள் என்றேன்.

“மை நேம் இஸ் தெங். ஐ லிவ் ஆன் திஸ் ஸ்ட்ரீட். பிஃபோர், ஐ வாண்டட் டு சே நோ,” என்று ஆரம்பித்தார். ‘வாண்டட்’ என்றார் ரஞ்சித்து! அந்த ‘டெட்’டை விழுங்காமல் சொன்னார். இரண்டு வாரமாகக் காலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் நிற்கும் கார்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்திருக்கிறார். ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு உதவியாளர், சீருடை ஸ்டியரிங்கில் தொங்கியதாம். ஒருவருக்கு எழுபத்தைந்து வயது. பிறகு காகிதத்தை விரித்தார். மனையின் வரைபடம், ரயில்வே என்ஜினியர் கையால் அளவெடுத்து வரைந்தது. விளக்கு எங்கே வேண்டும், கழிப்பறை எங்கே வேண்டும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் பக்கம் வாசல் எப்படி வரக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது.

மணி அடித்துவிட்டது. அவர் நகரவில்லை.

“மை டீச்சர் வாஸ் ஹோம்லெஸ்,” என்றார். “வாஸ். நாட் இஸ். ப்ளீஸ், மேக் மோர் வாஸ்.”

அப்போதுதான் மண்டபத்தில் இந்தப் பக்கமிருந்து கைதட்டல் வந்தது. பலகை பிடித்திருந்தவர்களில் ஒருவர் பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டியதை நானே பார்த்தேன்.

அப்புறம் ஜூமில் பேசுபவர்கள் என்றார்கள். அந்தப் பெண் பட்டியலைப் படித்தாள். “ரஞ்சித்குமார். ஃப்ரம் பேர்லேண்ட், டெக்சஸ்.”

நீ என்ன பேசினாய் என்று உனக்கே நினைவிருக்குமோ என்னவோ. நான் கையில் இருந்த அஜெண்டாவின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ‘நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை. எனக்கு நாலு பெட்ரூம் வீடு இருக்கிறது. என் அக்கா ஒரு மாதம் தங்கக் கேட்டாள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து வேண்டாம் என்றேன். அவள் நாற்பத்தேழு நாள் உங்கள் தெருவில் காரில் படுத்தாள். அவளுக்குத் தம்பி இருந்தும் இடம் இல்லை. நான் கொடுக்காத இடத்தை நீங்கள் கொடுங்கள்.’ அப்படியே நீ பேச்சை நிறுத்தினாய். மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. நாலு பேருக்குப் பயந்த நீ நானூறு பேர் முன்னால் அழுதாய்.

ஓட்டெடுப்பு. ஐந்துக்கு இரண்டு. நாம் ஜெயித்துவிட்டோம் ரஞ்சித்து! வாயே திறக்காத மூன்று பேரும் இந்தப் பக்கம். தெங்கின் வரைபடத்தையும் தீர்மானத்தோடு சேர்க்கச் சொன்னார்கள். ஹுவாங் அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சீனத்தில் ஏதோ கத்தினார். நான் தமிழில் கத்தினேன். இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது.

நேரமாகிவிட்டது, பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

அக்கா

*

பேர்லேண்ட்
30 மார்ச் 2025

என் அக்காவுக்கு,

நீ எழுதிக்கொண்டது நல்லது. எனக்குப் பாதி நினைவில்லை. முன்னமே எழுதி வைத்திருந்த பேச்சு வேறு. பெயரைக் கூப்பிட்டதும் அந்தக் காகிதம் கண்ணுக்கே தெரியவில்லை.

வெண்பா பக்கத்தில்தான் இருந்தாள். கேமராவை அணைத்ததும், “அப்பா, டிட் யூ ரியலி டூ தட் டு அத்தை?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பதினொரு வயதுப் பெண் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது அந்த மீட்டிங்கை விடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “வென் ஆர் வீ கோயிங்?” என்றாள்.

வீடியோ கோயில் குரூப்பில் சுற்றிவிட்டது. ஸ்ம்ருதி ஆன்ட்டி செருப்பு விடும் இடத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். “என்ன ரஞ்சித், இதையெல்லாம் பப்ளிக்கா சொல்லணுமா?”

“சொல்லணும் ஆன்ட்டி. ஒன்றரை வருஷம் லேட்டாத்தான் சொல்றேன்,” என்றேன்.  அவர்கள் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

நீ வராதே என்று சொன்னது நினைவிருக்கிறது. பரிதாபம் இல்லை அக்கா. உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கூல் லீவு விட்டதும் வரலாமா? நீ வா என்றால்தான் டிக்கெட் போடுவேன்.

ரஞ்சித்து

*

ஃப்ரீமான்ட்
8 ஜூன் 2025

ரஞ்சித்துக் கண்ணுக்கு,

வாருங்கள் என்று ஏப்ரலிலேயே சொல்லிவிட்டேன், நீயும் டிக்கெட் போட்டுவிட்டாய். வரும் சனிக்கிழமை காலை விமானம் இறங்கியதும் நேரே வகுப்புக்கே வந்துவிடுங்கள். கோபம் முழுக்கப் போய்விட்டதா என்று மட்டும் கேட்காதே. இருக்கிற மிச்சத்தை நேரில் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன். ஹுவாங் அம்மா பிரீத்திக்கும் வெண்பாவுக்கும் தன் அறையையே ஒழித்துக் கொடுக்கிறார். உனக்கு ஹாலில் சோபா.

ஒரு சந்தோஷச் செய்தி. பெரியவர்கள் படிக்கும் ஒரு அடல்ட் ஸ்கூலில் என்னை ஆசிரியையாக எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் ஆரம்பம். மீட்டிங் வீடியோவைப் பார்த்துவிட்டு அவர்களே கூப்பிட்டார்கள். இன்டர்வ்யூவில், உங்கள் மாணவர் யாராவது உங்களைப் பற்றிச் சொல்வாரா என்று கேட்டார்கள். அடுத்த நாள், நடுவில் வராமல் இருந்தவர்களும் சேர்ந்து, பதினான்கு பேரும் அங்கே போய் நின்றுவிட்டார்கள்.

நேற்று அந்த மனை திறந்தது. மதியம் நாலு மணிக்கே நாங்கள் எல்லோரும் வாசலில். விளக்கும் கழிப்பறையும் தெங் கோடு போட்ட இடத்திலேயே நிற்கின்றன. அவர் இப்போது அங்கே வாலன்டியர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெயர் எழுதும் அட்டை. நொடிக்கொரு தரம் வாட்ச் பார்த்தார், ரயில் வரக் காத்திருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் போல.

ஐந்து மணிக்கு முதல் கார் வந்தது, பழைய சாம்பல் நிற ஹோண்டா. பின் சீட்டில் கூரை வரை துணியும் டப்பாக்களும். முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வாசலில் இத்தனை வயதானவர்கள் நிற்பதைப் பார்த்துத் தயங்கி, திரும்பிப் போகிறவள் போல வண்டியைப் பின்னால் எடுத்தாள். விரட்ட நிற்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். எனக்கு அந்தத் தயக்கம் தெரியும். நான் ஓடக் கால் எடுப்பதற்குள் தெங் முந்திக்கொண்டு போய்விட்டார். அட்டையைத் தலைக்கு மேல் ஆட்டி, “வெல்கம்! வெல்கம்! நம்பர் ஒன் இஸ் யுவர் பிளேஸ்!” என்று கத்தினார்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஹுவாங் அம்மா கையிலிருந்த சூடான பன் பாத்திரத்தைப் பார்த்தாள்.

“ஹூ ஆர் யூ ஆல்?” என்று கேட்டாள். “ஆர் யூ எ சர்ச்?”

தெங் நிமிர்ந்து நின்றார்.

“நோ,” என்றார். “வீ ஆர் இங்கிலீஷ் கிளாஸ்.”

அன்புடன்,
அக்கா